தனி மணி நகராது

கூரம் செப்பேட்டில் ஒரு கால்வாய் வருகிறது. 7ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன் கொடுத்த சாசனம் அது. காஞ்சிபுரத்துக்கு அருகே உள்ள இந்த ஊரில் எழுந்த சிவன் கோயில், அதன் மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கான ஏற்பாடு, பரமேசுவர தடாகம் என்னும் ஏரி, பாலாற்றிலிருந்து அந்த ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவந்த பெரும்பிடுகு என்னும் கால்வாய் ஆகியவற்றை அந்தச் செப்பேடு பதிவு செய்திருக்கிறது. வாட்டம் பார்த்து மண்ணை வெட்டினால் தண்ணீர் தானே ஓடிவரும். மடையைத் திறந்தால் பாயும். வேகம் கூடினால் கரையை அரிக்கும். தடுத்தாலும் சுழித்துக்கொண்டு கொஞ்ச தூரம் போய்த்தான் அடங்கும். தண்ணீரின் இந்தக் குணங்களை நன்றாக அறிந்தவர்கள்தான் இந்த நாட்டில் ஏரியும் காலும் வெட்டினார்கள்.

அப்படிப்பட்ட ஏரியின் ஒரு சொட்டு நீரை நுண்ணோக்கியின் அடியில் வைத்தால், இந்தக் குணங்கள் ஒவ்வொன்றாக விடைபெறுகின்றன. தேங்கிய நீரில் பரவலாகக் காணப்படும் பாரமீசியம் என்ற ஒருசெல் உயிரி ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு நீளம் இருக்கும். அதன் உடம்பெங்கும் சில ஆயிரம் குறுயிழைகள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 10 மைக்ரான் நீளம், கால் மைக்ரான் தடிமன். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இந்த இழைகள் நொடிக்குப் பல முறை வளைந்து அடிக்க, பாரமீசியம் நொடிக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் நீந்துகிறது. தன் உடல் நீளத்தைப் போல் ஐந்து மடங்கு தூரம்!

அந்த இழைக்கு மூளை இல்லை, நரம்பு இல்லை. வளைந்து கொடுக்கும் ஓர் இழையும், அதைச் சூழ்ந்த தண்ணீரும் சேர்ந்து எப்படி ஒரு சீரான இயக்கத்தை உண்டாக்குகின்றன? இந்தக் கேள்விக்கான விடையின் ஒரு முக்கியப் பகுதி கணினித் திரையில் கிடைத்தது. அதுவும் நம் சென்னையில், தரமணியிலும் கிண்டியிலும். அந்த விடையை ஒரு வரியில் சொல்லலாம்: இழையின் ஒரு பகுதியை இன்னொரு பகுதியோடு இணைப்பது இழை மட்டுமல்ல, தண்ணீரும்தான். அந்த வரியின் முழுப்பொருளை உணர நாம் கொஞ்ச தூரம் நடக்க வேண்டும்.

தண்ணீர் பாகாகும் அளவு

1883இல் ஆஸ்போர்ன் ரெய்னால்ட்ஸ் குழாய்க்குள் ஓடும் நீரை ஆராய்ந்து ஓர் எண்ணின் முக்கியத்துவத்தைக் காட்டினார். பொருளின் அளவு, அதன் வேகம், திரவத்தின் அடர்த்தி மூன்றையும் பெருக்கி, திரவத்தின் பாகுத்தன்மையால் வகுத்தால் வருவது ரெய்னால்ட்ஸ் எண். ஓடிக்கொண்டிருப்பது தொடர்ந்து ஓட விரும்பும் உந்தத்துக்கும், அதைப் பிடித்து நிறுத்தும் பாகுத்தன்மைக்கும் நடக்கும் போட்டியில் யார் கை ஓங்கியிருக்கிறது என்பதை அது சொல்கிறது.

ஆற்றில் நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் நீந்தும் மனிதருக்கு இந்த எண் ஏறக்குறைய 10 லட்சம். பாரமீசியத்துக்கு 0.2. நொடிக்கு 30 மைக்ரான் நீந்தும் பாக்டீரியாவுக்கு ஒரு லட்சத்தில் சில பங்கு மட்டுமே. தண்ணீர் அதே தண்ணீர்தான். ஆனால் உருவம் சிறுத்துவிட்டதால், அந்த உயிர்களுக்கு அது கெட்டியான வெல்லப்பாகுபோல் ஆகிவிடுகிறது. கையை எடுத்தால் அந்தக் கணமே எல்லாம் நின்றுவிடும்.

இந்த உலகத்தின் விதிகளை எட்வர்டு பர்செல் என்ற இயற்பியலாளர் 1976இல் ஓர் உரையாகச் சொன்னார். அது 1977இல் கட்டுரையாக வெளிவந்தது. நீந்துவதை நிறுத்திய பாக்டீரியா எவ்வளவு தூரம் சறுக்கிச் செல்லும் என்று அவர் கணக்கிட்டார். ஓர் அணுவின் விட்டத்தைவிடக் குறைவு. நேற்று போட்ட உழைப்பு இன்றைக்கு உதவாது. இந்தக் கணத்து விசைக்கு இந்தக் கணத்து வேகம், அவ்வளவுதான். ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் 19ஆம் நூற்றாண்டில் தந்த சமன்பாடுகள் இந்த நிலைக்கு அப்படியே பொருந்துகின்றன. அவற்றில் காலம் என்ற உறுப்பே கிடையாது.

காலம் இல்லாத சமன்பாடு ஒரு கடுமையான நிபந்தனையைக் கொண்டுவருகிறது. இரண்டு ஓடுகளை மெதுவாகத் திறந்து வேகமாக மூடும் சிப்பியைப் பர்செல் உதாரணம் காட்டினார். கடலில் அந்தச் சிப்பி நீரைப் பீய்ச்சி நகர்ந்துவிடும். நுண்ணுலகில் மெதுவாகத் திறந்தாலும் வேகமாக மூடினாலும் பயன் இல்லை. போன வழியிலேயே திரும்பினால், போன தூரமும் முழுதாகத் திரும்பிவிடும். வளையாத துடுப்பை முன்னும் பின்னும் அசைக்கும் நுண்ணுயிர் இருந்த இடத்திலேயே இருக்கும்.

இந்த நிபந்தனையிலிருந்து தப்பும் வழிகளில் ஒன்று, வளைந்து கொடுப்பது. வளையும் துடுப்பு போகும்போது ஒரு வடிவத்திலும் திரும்பும்போது வேறு வடிவத்திலும் இருக்கிறது. போன வழி வேறு, வந்த வழி வேறு. அந்த வேறுபாடே நகர்வாக மாறுகிறது. இதற்குத் துணையாக இன்னொரு உண்மை: மெல்லிய இழையை நீளவாக்கில் இழுப்பதைவிடப் பக்கவாட்டில் இழுக்க ஏறக்குறைய இரு மடங்கு விசை வேண்டும். இந்த வித்தியாசத்தை வைத்துத்தான் ஜேம்ஸ் கிரே, ஹான்காக் இருவரும் 1955இல் கடல் முள்ளெலியின் விந்தணு தன் வாலை அலையாக அசைத்து எப்படி முன்னேறுகிறது என்று கணக்கிட்டார்கள்.

பட்டு இழை சொல்லும் பாடம்

வளைவது என்றால் எவ்வளவு எளிதாக? இதற்குக் காஞ்சிபுரம் வட்டாரத்துக்காரர்களின் கையில் ஒரு நல்ல சான்று இருக்கிறது.

பட்டுப்புழு தன் கூட்டைக் கட்டும்போது இரண்டு மெல்லிய இழைகளை ஒன்றாக நூற்கிறது. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 10 மைக்ரான் தடிமன். இரண்டையும் செரிசின் என்ற பசை ஒட்டிவைக்கிறது. பல கூடுகளின் இழைகளைச் சேர்த்து எடுப்பதுதான் கச்சாப் பட்டு. அது கையில் விறைப்பாக இருக்கும். சோப்பும் சோடாவும் கரைத்த வெந்நீரில் அவித்துப் பசையைப் போக்கிய பிறகுதான் பட்டுக்கு மென்மையும் பளபளப்பும் வருகின்றன. சாயமும் சீராக ஏறுகிறது. அப்போது நூலின் எடையில் கால் பங்கு வரை குறையலாம்.

மென்மை ஏன் இவ்வளவு கூடுகிறது? எடை குறைவது பாதி விடைகூட இல்லை. 20 இழைகள் ஒன்றோடொன்று இறுக ஒட்டியிருந்தால், அந்தக் கட்டு ஒரே தடித்த கம்பியாக நடந்துகொள்ளும். அதன் விறைப்பு தனி இழையின் விறைப்பைப்போல் 20 பெருக்கல் 20, அதாவது 400 மடங்கு வரை போகும். பசை போய், இழைகள் ஒன்றின்மீது ஒன்று வழுக்க முடிந்தால் விறைப்பு 20 மடங்குதான். ஒரே பொருள், ஒரே அளவு. வழுக்க முடிகிறதா இல்லையா என்பதில்தான் வேறுபாடு.

தடிமனுக்கும் விறைப்புக்கும் உள்ள உறவு இன்னும் வியப்பானது. உருண்டையான இழையின் வளைவு விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்காக மாறும். விட்டம் பாதியானால் விறைப்பு 16இல் ஒரு பங்கு. பாரமீசியத்தின் குறுயிழை பட்டு இழையைவிட 40 மடங்கு மெல்லியது. அதே பொருளால் செய்ததாக வைத்துக்கொண்டால், 40ஐ நான்கு முறை பெருக்க வேண்டும்: 25 லட்சத்து 60 ஆயிரம் மடங்கு குறைந்த விறைப்பு. இந்த அளவில்தான் தண்ணீரின் சிறு தள்ளலும் இழையின் வடிவத்தை மாற்ற வல்லதாகிறது. இழை நீரை அசைக்கிறது, நீர் இழையை வளைக்கிறது. இரண்டையும் பிரித்துக் கணக்குப் போட முடியாத நிலை இங்கேதான் பிறக்கிறது.

குறுயிழையின் உட்புறத்திலும் வழுக்கலே வேலை செய்கிறது. ஒன்பது இரட்டை நுண்குழல்கள் வட்டமாகவும், இரண்டு தனிக் குழல்கள் நடுவிலுமாக அமைந்த கட்டு அது. பக்கத்துப் பக்கத்துக் குழல்களை இழுத்து வழுக்கச் செய்வது ஒரு புரதம். 1965இல் இயான் கிப்பன்ஸ் அதற்கு டைனீன் என்று பெயர் வைத்தார். 1971இல் அவரும் கீத் சம்மர்ஸும் கடல் முள்ளெலியின் விந்தணு வாலில் குழல்களைப் பிணைக்கும் கட்டுகளை ஒரு நொதியால் அறுத்துவிட்டு, செல்லின் எரிபொருளான ஏடிபியைச் சேர்த்தார்கள். குழல்கள் ஒன்றை ஒன்று தாண்டி வெளியே வழுக்கிக்கொண்டு வந்தன. கட்டுகள் அறுபடாத வாலில், அடிப்பகுதியும் இறுகியிருப்பதால், அதே வழுக்கல் வளைவாக மாறுகிறது.

இந்த இயந்திரத்தில் நூற்றுக்கணக்கான வகைப் புரதங்கள் இருக்கின்றன. அவற்றில் எது எதற்குப் பொறுப்பு? அடிப்பதற்கு எல்லாமே வேண்டுமா? உயிருள்ள இழையிலிருந்து பாகங்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பது கடினம். கணினியில் அது முடியும். அங்கே நாம் சேர்த்தது மட்டுமே இருக்கும்.

இழையை மணிமாலையாக எழுதுதல்

ஓர் இழையைக் கணினிக்குச் சொல்ல, அதை மணிகள் கோத்த மாலையாக எழுதுகிறோம். மணிகளுக்கு மூன்று விதிகள். பக்கத்து மணிகள் குறிப்பிட்ட இடைவெளியை விட்டு விலகினால் வில்போல இழுக்க வேண்டும். இது இழை நீளாமல் காக்கும். அடுத்தடுத்த மூன்று மணிகள் நேர்கோட்டிலிருந்து விலகினால் அவற்றை நேராக்க ஒரு விசை எழ வேண்டும், இது விறைப்பு. எந்த இரு மணிகளும் ஒன்றுக்குள் ஒன்று புகக் கூடாது. இது விலக்கு விசை.

பிறகு தண்ணீர். ஒரு மணியைத் தள்ளினால் சுற்றியுள்ள நீரும் நகரும். அந்த நகர்வு தூரத்தில் உள்ள மணியையும் இழுத்துச் செல்லும். வெளி விசையால் தள்ளப்படும் மணியின் தாக்கம் தூரம் இரு மடங்கானால் பாதியாகத்தான் குறைகிறது. மிக மெதுவான தேய்வு இது. எனவே மாலையின் ஒரு முனையில் நடப்பதை மறு முனை உடனே உணர்கிறது. ஸ்டோக்ஸ் சமன்பாட்டின் உதவியால் தண்ணீரின் ஒவ்வொரு துளியையும் கணக்கில் வைக்காமல், மணிக்கும் மணிக்கும் இடையிலான உறவாகவே நீரை எழுதிவிடலாம். கணினி ஒவ்வொரு கணமும் விசைகளைக் கூட்டி, வேகங்களைக் கண்டுபிடித்து, மணிகளைச் சிறிது நகர்த்தி, மறுபடியும் தொடங்கும்.

எளிதாகத் தோன்றும் இந்த வேலையில் இரண்டு இடங்களில் மூச்சு வாங்கும். முதலாவது, சோடிகளின் எண்ணிக்கை. 100 மணிகளுக்கு 4,950 சோடிகள். 1,000 மணிகளுக்கு 4,99,500. இரண்டாவது, காலத்தின் படி. விறைப்பு மிகச் சிறிய நெளிவையும் மிக வேகமாக நேராக்கிவிடும். அந்த வேகத்தைத் தவறவிட்டால் கணக்கு வெடித்து, மணிகள் திரையை விட்டே பறந்துவிடும். மணிகளுக்கு இடையிலான தூரத்தைப் பாதியாக்கினால் காலப்படியைச் சுமார் 16இல் ஒரு பங்காக்க வேண்டும். சோடிகளும் நான்கு மடங்காகின்றன. ஆக, படத்தை இரு மடங்கு நுணுக்கமாக்க 64 மடங்கு வேலை!

இந்தச் சுமையைக் குறைக்கவே ஒரு துறை உழைத்துக்கொண்டிருக்கிறது. 1987இல் லெஸ்லி கிரீன்கார்டும் விளாதிமிர் ரோக்லினும் கண்ட முறை, தொலைவில் உள்ள மணிகளைக் கூட்டமாகத் தொகுத்து, சோடி சோடியாகக் கணக்கிடும் தேவையை நீக்கியது. 2004இல் ஆன்னா-காரின் டோர்ன்பெர்கும் மைக்கேல் ஷெல்லியும், பல நெகிழும் இழைகள் ஒரே திரவத்தில் ஒன்றையொன்று பாதித்தபடி நகர்வதைக் கணக்கிடும் வழியை வெளியிட்டார்கள். விறைப்பை மட்டும் வரப்போகும் கணத்தின் வடிவத்தை வைத்துத் தீர்ப்பதால், காலப்படியைப் பெரிதாக வைத்துக்கொள்ள முடிந்தது.

தரமணியில் எழுந்த கேள்வி

தரமணியில் இருக்கும் கணித அறிவியல் நிறுவனம் 1962 ஜனவரியில் அல்லாடி ராமகிருஷ்ணனின் முயற்சியால் தொடங்கியது. அதன் ஆய்வாளர்களும் சென்னை ஐ.ஐ.டி. ஆய்வாளர்களும் சேர்ந்து 2012இல் ஃபிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸ் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். காயத்ரி ஜெயராமன், சனூப் ராமச்சந்திரன், சோம்தேப் கோஷ், அப்ரஜித் லஸ்கர், சாத் பாம்லா, சுனில் குமார், ரணஜய் அதிகாரி ஆகியோர் அதன் ஆசிரியர்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட இழையில் டைனீன் இல்லை, ஒன்பது குழல் கட்டும் இல்லை. மணிமாலை மட்டும். ஒரே ஒரு சேர்க்கை: ஒவ்வொரு மணியும் தன்னைச் சுற்றி நீரை ஓட வைக்கும்.

அந்த ஓட்டம் எப்படிப்பட்டது? மாலையின் போக்கில் இரு பக்கமும் நீரை வெளியே தள்ளும். குறுக்குவாக்கில் இரு பக்கமும் நீரை உள்ளே இழுக்கும். முன்னும் பின்னும் சமமாகத் தள்ளுவதால் மணிக்குத் தன்னளவில் நகர்வு இல்லை. வேதி ஆற்றலை இயக்கமாக மாற்றும் நுண்துகள்களையும் புரதங்களையும் இந்த ஒரு குணத்தால் சுருக்கிச் சொல்லிவிடலாம். இப்படிப்பட்ட மணி ஒன்றைத் தனியே தண்ணீரில் விட்டால், நீரைக் கலக்கிக்கொண்டு அதே இடத்தில் நிற்கும்.

இவற்றைக் கோத்து நேராக வைத்தாலும் முதலில் எதுவும் நடக்காது. நடுவில் உள்ள மணியை இடப் பக்கத்து மணி ஒரு திசையில் தள்ளும், வலப் பக்கத்து மணி எதிர்த் திசையில் தள்ளும், இரண்டும் அழிந்துவிடும். இப்போது மாலை சற்றே மேல்நோக்கி வளைந்ததாக வைத்துக்கொள்வோம். வளைவின் உச்சியில் இருக்கும் மணிக்கு இரு பக்கத்து மணிகளும் கொஞ்சம் கீழே இருக்கின்றன. அவற்றின் தள்ளல்கள் முழுதாக அழியவில்லை. இரண்டிலும் மேல்நோக்கிய ஒரு சிறு பங்கு மிஞ்சுகிறது. உச்சி இன்னும் மேலே போகிறது. வளைவு கூடுகிறது. கூடிய வளைவு தள்ளலை மேலும் கூட்டுகிறது.

விறைப்பு இதை எதிர்க்கும். தண்ணீரின் தள்ளலுக்கும் இழையின் விறைப்புக்கும் உள்ள விகிதம் ஓர் எல்லைக்குக் கீழே இருந்தால் விறைப்பு வெல்லும், இழை நேராகிவிடும். எல்லையைத் தாண்டினால் நேராக நிற்பது என்பதே இழைக்கு முடியாத காரியம். வளைந்த வடிவத்தைச் சுற்றி ஓடும் நீர் இரு பக்கமும் சமமாக இல்லாததால், இழை நகரத் தொடங்குகிறது. வில்போல ஒரே பக்கம் வளைந்தால் நேராகப் போகிறது. ஒரு பாதி இப்படியும் மறு பாதி அப்படியும் நெளிந்தால் சுற்றுகிறது. விகிதம் இன்னும் கூடும்போது இரண்டும் கலந்து, இழை பெரிய பெரிய நெளிவுகளோடு திரிகிறது. வெளியிலிருந்து தள்ளுவார் யாரும் இல்லை. தனியே நகராத மணிகள், கோத்ததும் நீந்துகின்றன.

2013இல் இதே வழியில் அடுத்த கேள்வி. ஒரு முனையைக் குறுயிழைபோல அசையாமல் இறுக்கிவிட்டால் என்ன ஆகும்? அப்ரஜித் லஸ்கர், ராஜேஷ் சிங் முதலானோர் சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ் இதழில் விடை தந்தார்கள். நகர முடியாத இழை அடிக்கத் தொடங்குகிறது. சில நிலைகளில் பாக்டீரியாவின் கசையிழையைப்போலத் திருகாகச் சுழல்கிறது. வேறு நிலைகளில் விந்தணு வாலைப்போல ஒரே தளத்தில் இப்படியும் அப்படியும் வீசுகிறது. எப்போது திரும்ப வேண்டும் என்று உத்தரவிடும் உறுப்பு எதையும் அவர்கள் மாலையில் வைக்கவில்லை. தண்ணீரின் ஓட்டம் வளைக்கிறது, விறைப்பு மீட்கிறது. அந்த இழுபறியே தாளமாகிறது.

இதற்குப் பக்கபலமாக ஆய்வகத்திலிருந்து ஒரு செய்தி 2011இலேயே வந்திருந்தது. அமெரிக்காவின் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் டிம் சாஞ்செஸ், ஸ்வோனிமிர் டோகிச் குழுவினர் நுண்குழல்களையும், கைனசின் என்ற இயக்கப் புரதத்தின் கொத்துகளையும், குழல்களை ஒன்றுசேர்க்கும் ஒரு பாலிமரையும் மட்டும் கலந்தார்கள். ஒரு முனை பிடிபட்ட கற்றைகள் குறுயிழைபோலச் சீராக அடித்தன. உயிருள்ள செல்லின் சிக்கலான அமைப்பு எதுவும் அங்கேயும் இல்லை.

போதும் என்பது வேறு, அதுவேதான் என்பது வேறு

திரையில் நடப்பதை நம்புவதற்கு முறை இருக்கிறது. விடை தெரிந்த கணக்குகளை முதலில் கொடுக்க வேண்டும். ஒற்றை உருண்டை நீரில் விழும் வேகம் ஸ்டோக்ஸ் சொன்ன எண்ணோடு ஒத்துப்போகிறதா? மெல்லிய நீண்ட கோல் நின்ற நிலையில் விழும்போது, படுத்த நிலையில் விழுவதைவிட ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தை நெருங்குகிறதா? காலப்படியைப் பாதியாக்கினாலும், மணிகளைக் கூட்டினாலும் விடை மாறாமல் இருக்கிறதா? இவற்றைத் தாண்டாத கணக்கு அழகான படம் தந்தாலும் அறிவியல் ஆகாது.

தாண்டிய பிறகும் அடக்கம் வேண்டும். இந்த மாலை அடிப்பதால், நம் மூச்சுக்குழாயின் குறுயிழையும் இதே காரணத்தால்தான் அடிக்கிறது என்று முடிவு கட்ட முடியாது. உண்மையான இழையில் டைனீன்கள் எப்போது இழுக்க வேண்டும், எப்போது விட வேண்டும் என்பதற்குத் தனிக் கட்டுப்பாடு இருப்பதாக வலுவான சான்றுகள் உண்டு. சென்னை ஆய்வு நிறுவியது வேறொன்று: தாளமான அடிப்பு உண்டாக நெகிழ்வும், இழை நெடுக ஆற்றலும், நீர் வழியான தொடர்பும் போதும். இயற்கை இந்த மூன்றையும் தொடக்கத்திலேயே கையில் வைத்திருந்திருக்கலாம். மற்ற சிக்கல்கள் அந்த அடிப்பைச் செம்மைப்படுத்த வந்தவையாக இருக்கலாம் என்று எண்ண இப்போது நமக்கு ஒரு நியாயமான தொடக்கப் புள்ளி கிடைத்திருக்கிறது.

இடமும் வலமும்

குறுயிழைகள் அடிப்பது நமக்கு உயிர்ப் பிரச்சினை. நாம் மூச்சோடு இழுக்கும் தூசியையும் கிருமியையும் சளியோடு சேர்த்து நொடிக்குச் சுமார் பத்து அடிகளாக மேலே தள்ளுவது அவைதான். 1976இல் ஸ்டாக்ஹோமைச் சேர்ந்த பியோர்ன் அஃப்ஸேலியஸ், ஓயாத மூச்சுக்குழாய்த் தொற்றும் மலட்டுத்தன்மையும் சேர்ந்து வந்த ஆண்களின் குறுயிழைகளிலும் விந்தணு வால்களிலும் டைனீன் கைகள் இல்லாததைச் சுட்டிக்காட்டினார். இந்த நோயுள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதயம் வலப் பக்கம் இருக்கும். இழை அடிக்காததற்கும் இதயத்தின் இடத்துக்கும் என்ன தொடர்பு?

1998இல் ஷிகெனோரி நோனாகா, நொபுடாகா ஹிரோகாவா முதலிய ஜப்பானிய ஆய்வாளர்கள் எலிக் கருவில் விடை கண்டார்கள். கரு உருவாகும் தொடக்கத்தில் ஒரு சிறு குழியில் குறுயிழைகள் சுழல்கின்றன; அவற்றால் குழிக்குள் நீர் இடப் பக்கமாக ஓடுகிறது. 2002இல் நோனாகா குழுவினர் வெளியிலிருந்து எதிர்த் திசை ஓட்டத்தைச் செலுத்தினார்கள். கருவின் இட வல அமைப்பு தலைகீழானது. உடம்பின் எந்தப் பக்கம் இடம் என்பதை அந்தக் கருவுக்குச் சொல்வது நீரோட்டம். ஓட்டம் இல்லாவிட்டால் அது தற்செயலுக்கு விடப்படுகிறது. நோயாளிகளில் பாதிப் பேர் என்ற கணக்கு அங்கிருந்து வருகிறது. நீர் சேதி கொண்டுபோகிறது என்பது இங்கே வெறும் பேச்சு அல்ல.

நெகிழும் இழையை நாமே செய்து ஓட்டவும் முடியும். 2005இல் பாரிஸில் ரெமி டிரேஃபூஸ் குழுவினர் காந்த நுண்மணிகளை டிஎன்ஏ இழைகளால் கோத்து, ஒரு சிவப்பணுவோடு இணைத்து, மாறும் காந்தப் புலத்தால் நீந்த வைத்தார்கள். உடம்புக்குள் மருந்தைக் குறிப்பிட்ட இடத்துக்குக் கொண்டுசெல்லும் கருவிகளுக்கான தேடலில் அது ஓர் ஆரம்பம். இப்படிப்பட்ட இழை எவ்வளவு நீளம், எவ்வளவு விறைப்பு இருக்க வேண்டும் என்பதைச் செய்து செய்து பார்ப்பதைவிட, சிமுலேஷனில் ஓட்டிப் பார்த்து முடிவு செய்வது மலிவு, விரைவு.

நீங்களே ஓட்டிப் பார்க்க

இந்த ஆய்வுக்குப் பெரிய ஆய்வகம் வேண்டியதில்லை. ராஜேஷ் சிங்கும் ரணஜய் அதிகாரியும் எழுதிய பைஸ்டோக்ஸ் என்ற பைதான் நிரல் தொகுப்பு 2020இல் ஆய்விதழில் வெளிவந்தது. கட்டணம் இல்லை, மூல நிரலும் திறந்திருக்கிறது. காஞ்சிபுரத்துக் கல்லூரி மாணவர் ஒருவர் ஒரு சாதாரண மடிக்கணினியில் அதை நிறுவிக்கொள்ளலாம். சில டஜன் மணிகள் போதும்.

ஆறு ஓட்டங்களை இந்த வரிசையில் செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன். முதலில், நீரைத் தள்ளும் ஒற்றை மணி. அது நகராததைப் பாருங்கள். இரண்டாவது, சிறிதும் பிசகாத நேர் மாலை. அதுவும் சும்மா இருக்கும். மூன்றாவது, சற்றே வளைத்த மாலைக்கு மிகக் குறைந்த தள்ளல்; வளைவு நேராகிவிடும். நான்காவது, தள்ளலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். ஓர் எல்லையில் வளைவு வளரத் தொடங்கி மாலை நகரும். அந்த எல்லை எண்ணைக் குறித்துக்கொண்டு, விறைப்பை இரு மடங்காக்கி மறுபடி தேடுங்கள். ஐந்தாவது, இரு பாதியும் எதிரெதிராக நெளிந்த மாலை, அது சுற்றும். ஆறாவதில் எதையும் சேர்க்க வேண்டாம். மணிகளின் தள்ளலும் விறைப்பும் அப்படியே இருக்கட்டும். ஒரு மணியின் ஓட்டம் இன்னொரு மணியை எட்டும் என்ற விதியை மட்டும் நிரலிலிருந்து நீக்குங்கள்.

மாலை நேராகி, நின்றுவிடும். இயக்கத்தின் காரணம் எங்கே இருந்தது என்பதை அந்த ஓட்டம் ஐயத்துக்கு இடமின்றிக் காட்டிவிடும். தண்ணீரை வைத்துக்கொண்டே அதன் வழியான தொடர்பை மட்டும் நிறுத்திவைக்க உலகில் எந்த ஆய்வகத்தாலும் முடியாது. ஒரு மாணவரின் மடிக்கணினியால் முடியும். ஒரு காரணத்தை எடுத்துவிட்டு, அதோடு விளைவும் போகிறதா என்று பார்க்கும் அந்த உரிமைதான் சிமுலேஷன் அறிவியலுக்குத் தந்திருக்கும் மிகப் பெரிய கொடை.